வல்லாரையும் அறளையும்

உண்டவருக்கும் மறக்கிறதே

வன்னியின் நெடுங்கேணிப் பக்கத்தில், குளத்துக்குக் கீழுள்ள வாய்க்கால் ஓரங்களிலும் வயல்வரம்பின் ஈரம் காயாத இடங்களிலும், விதைப்பாரும் நீர்வார்ப்பாரும் இன்றித் தானே படர்ந்து கிடக்கும் வல்லாரையை அறியாதவர் இல்லை. தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்துத் தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பலாக்கி உண்பதும், சோதனைக்குப் படிக்கிற பிள்ளை முகஞ்சுளித்தாலும் ஞாபகசக்திக்கு நல்லதென்று வற்புறுத்தி ஊட்டுவதும், தலைமுறை தலைமுறையாக அங்கு நடந்துவரும் வழக்கம்.

ஆயினும், அறுபது எழுபது வருஷம் அந்தச் சம்பலை விரும்பி உண்டு, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஊட்டிய ஆச்சி ஒருவர், ஈற்றில் தாம் பெற்ற மகளையே பார்த்து, 'நீ ஆர் பிள்ளை?' என்று கேட்கும் நிலைக்கு வந்துவிடுவதும், 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று ஊரார் இரங்குவதும் உண்டு. வல்லாரையின் கைப்பை ஒருநாளும் பொறுத்தறியாத அயல்வீட்டு அப்புவோ, தொண்ணூறாம் வயதிலும் காணி உறுதியிலுள்ள நான்கெல்லைகளையும் ஒன்று விடாமற் சொல்வார். இவ்விருவரையும் கண்ட ஒருவர், வல்லாரையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பார். மற்றொருவர், ஆச்சி அதை உண்டிராவிட்டால் பத்து வருஷம் முந்தியே அறளை பெயர்ந்திருப்பார் என்று வாதிப்பார். இருவர் வாதத்தையும் மறுப்பதற்கு அந்த இரண்டு வீடுகளிலும் சாட்சியம் இல்லை என்பதே இங்குள்ள சங்கடம். ஒரே ஆச்சியை வல்லாரை உண்டவராகவும் உண்ணாதவராகவும் இருமுறை வாழவைத்துப் பார்க்க எவராலும் இயலாது. இயலாத அந்தக் காரியத்துக்கு ஈடாக ஏதேனும் செய்யலாமா என்று ஆராய்ந்தவர்களின் உபாயங்களே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

மறதி வேறு, வியாதி வேறு

மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பது முதுமையின் இயல்பு. மூக்குக்கண்ணாடி எதற்கென்பதே மறப்பது வியாதி. 1906-ஆம் ஆண்டில் அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜேர்மன் வைத்தியர், ஐம்பத்தொரு வயதில் தம்மிடம் கொண்டுவரப்பட்டு, சில வருஷங்களில் ஞாபகமும் பேச்சும் சிதைந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்காட்டியில் ஆராய்ந்து, நரம்புக் கலங்களுக்கு வெளியே ஒருவகைப் புரதம் படிந்திருப்பதையும் கலங்களுக்கு உள்ளே நார்கள் முடிச்சிட்டுக் கிடப்பதையும் கண்டார். அவர் பெயரால் வழங்கும் நோயே மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது. கொழும்புக்கு அருகே றாகமப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு மறதிநோய் உண்டென்றும், அந்நோயாளரில் பத்தில் எழுவருக்கு அது அல்சைமர் வகையைச் சார்ந்ததென்றும் கண்டது. இரத்தக்குழாய்கள் அடைபடுவதால் வருவது இன்னொரு வகை. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் அதற்கு வழிகோலும். தைரொயிட் சுரப்பு குறைதல், பி12 உயிர்ச்சத்துக் குறைவு, நெடுநாள் துக்கம் முதலியன அறளைபோல் தோன்றி, உரிய சிகிச்சையால் மாறக்கூடியவை; இவற்றை விலக்கிப் பாராமல் எந்த மூலிகைக்கும் வெற்றிப் பட்டம் சூட்டக்கூடாது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சோதனைக்குப் படிக்கும் பிள்ளையின் மூளை முழுமையானது. அது கூர்மைப்படுமா என்பது ஒரு கேள்வி. முதல் அறிகுறி வெளியே தெரிவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னரே புரதம் படியத் தொடங்கிவிடும் மூளையில், அந்தச் சிதைவு தடைப்படுமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக எண்ணுவது, விளம்பரம் எழுதுவோர்க்கு மிகவும் வசதியான ஒரு மயக்கம்.

எந்தச் செடி?

பரீட்சையில் இறங்குமுன், பரீட்சைக்கு வரும் செடி எது என்று தீர்மானிக்க வேண்டும். பிரமி என்ற வடமொழிப் பெயர், சில பிரதேசங்களில் வட்ட இலையுடைய வல்லாரையையும், சில பிரதேசங்களில் சிறிய தடித்த இலையும் வெளிறிய பூவும் உடைய நீர்ப்பிரமியையும் குறித்து வந்திருக்கிறது. சிங்களத்தில் முன்னது கொட்டுகொல, பின்னது லுணுவில என்று தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. இரண்டும் ஈரநிலத்தில் வளர்பவை, இரண்டும் ஞாபகத்துக்குப் பிரசித்தமானவை. ஆனால் உறவற்ற இருவேறு குடும்பத்துத் தாவரங்கள், உள்ளே இருக்கும் இரசாயனப் பொருள்களும் வேறு. ஒரு செடியைப் பற்றிய ஆய்வை மற்றதன் புகழில் வரவு வைத்த பிரசுரங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

செடி எதுவென்று தெரிந்த பின்னும், எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்து அதன் சத்துக்கள் ஏறியும் இறங்கியும் நிற்கும். மாரியில் வாய்க்காலோரம் கொழுத்த இலையும் சித்திரை வெயிலில் வாடிய இலையும் ஒரே மருந்தாகா. ஆகவே, குறித்த சில பொருள்கள் ஒவ்வொரு குளிசையிலும் ஒரே அளவில் இருக்குமாறு சாற்றைச் சீராக்குகிறார்கள். இதைத் தரநிலைப்படுத்தல் எனலாம். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் நீர்ப்பிரமியில் பல ஆண்டு உழைத்து, பாக்கோசைடுகள் என்னும் பொருள்களை அளவுகோலாகக் கொண்டு இவ்வாறு சீர்செய்த சாற்றை உருவாக்கினர். பிற்காலத்து ஆய்வுகளுக்கு அத்தகைய உழைப்பே அஸ்திவாரம்.

எலி சொல்லும் சாட்சியம்

அடுத்த படி எலி. மனிதரின் நோய்க்குரிய மரபணுவைப் புகுத்தி, மூளையில் புரதம் படியுமாறு செய்த எலிகளை நீர்த்தொட்டியில் நீந்தவிட்டு, மறைந்திருக்கும் மேடையை ஞாபகத்தால் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கம். 2012-இல் இந்திய ஆய்வாளர்கள் அமுக்கரா என்னும் வேறொரு மூலிகையின் சாறு அத்தகைய எலிகளின் நடத்தையைச் சீராக்கியது என்றும், அதன் வேலை மூளையில் அல்லாமல் ஈரலின் வழியாக நடக்கிறது என்றும் கண்டது சுவையான செய்தி. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்து ஆய்வாளர்கள், வல்லாரையை நீரில் இறக்கிய சாற்றால் எலிகள் தேறியதாக அதே ஆண்டில் அறிவித்தனர். ஆனால் எலிக்குத் தானாக அல்சைமர் வருவதில்லை. நாம் கொடுத்த நோயின் ஒரு பகுதியே அதற்கு வருகிறது. எலியைக் குணமாக்கிய பின் மனிதரிடம் தோற்ற மருந்துகள், மூலிகையல்லாதவற்றிலும் எத்தனையோ.

சீட்டுக் குலுக்கலின் நியாயம்

இனி மனிதர். வல்லாரைக் குளிசை ஒன்றைத் தரநிலைப்படுத்திவிட்டோம் என்று வைத்துக்கொண்டு, வன்னியில் எழுபத்தைந்து வயதைக் கடந்தும் அறளை பெயராத ஆயிரம் பேரைச் சேர்த்து, அது நோயைத் தடுக்குமா என்று பார்ப்போம். விரும்பியவர்களுக்குக் குளிசையும் விரும்பாதவர்களுக்கு ஒன்றுமில்லையும் என்று பிரித்தால், ஆரோக்கியத்தில் அக்கறையுள்ளவர்கள் எல்லாரும் ஒருபக்கம் சேர்ந்துவிடுவார்கள். அவர்களுக்குக் குளிசையில்லாமலே நோய் குறைவாக வரக்கூடும். வைத்தியரே பிரித்தாலும், தேறுவார் என்று தோன்றுபவருக்கே மருந்தைக் கொடுக்க அவர் மனம் சாயும். ஆகவே சீட்டுக் குலுக்கி ஐந்நூறு ஐந்நூறாகப் பிரிக்கிறோம். வயது, படிப்பு, பரம்பரை, போரிற் பட்ட காயம், இழந்த பிள்ளைகளின் துக்கம் ஆகிய, நாம் அறிந்தனவும் அறியாதனவுமான வேறுபாடுகள் எல்லாம் இரு பக்கத்துக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்படும். ஒரு ஆச்சியை இருமுறை வாழவைக்க முடியாத குறைக்கு மனிதர் கண்ட ஈடு இதுவே.

ஒரு பகுதியினருக்கு வல்லாரைக் குளிசையும், மற்றப் பகுதியினருக்கு உருவத்திலும் நிறத்திலும் வேறுபாடு தெரியாத வெறுங்குளிசை, அதாவது போலிமருந்து, கொடுக்கப்படும். எவருக்கு எது போகிறதென்று உண்பவரும் அறியார், பரிசோதிக்கும் வைத்தியரும் அறியார்; இருபுற மறைப்பு என்று இதைச் சொல்லலாம். இம்மறைப்பு இன்றேல், மருந்து உண்கிறோம் என்ற நம்பிக்கையே பரிசோதனையன்று உற்சாகத்தை உண்டாக்கும். அந்த உற்சாகம் இரண்டு மூன்று புள்ளிகளைக் கூட்டிவிடும்.

இனிக் கணக்கு. அவ்வயதினரில் ஆண்டுக்கு நூற்றுக்கு மூவர் நோய்ப்படுவதாகக் கொண்டால், போலிமருந்துப் பகுதியில் ஒரு வருஷத்தில் 15 பேர் நோய்ப்படுவர். வல்லாரை உண்மையிலேயே ஐந்தில் ஒரு பங்கைத் தடுக்குமாயின், மற்றப் பகுதியில் 12 பேர். வேறுபாடு மூன்றே பேர். ஆனால் இரு பகுதியாருக்கும் வெறுங்குளிசையையே கொடுத்திருந்தாலும், சீட்டு விழுந்த தற்செயலால் மட்டும், பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் மூன்றோ அதற்கு மேலோ வேறுபாடு தோன்றும். எனவே அந்த வருஷ முடிவில் பன்னிரண்டுக்குப் பதினைந்து என்று கண்டு மகிழ்வதும், மாறாகப் பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று கண்டு மனமுடைவதும் ஒருங்கே வீண். உண்மையான சிறு நன்மையைத் தற்செயலிலிருந்து பிரித்தெடுக்க, ஆட்தொகையும் வேண்டும், காலமும் வேண்டும். மூவாயிரம் பேரும் ஆறு வருஷமும் வேண்டும் என்றால் அது மிகையன்று.

கிங்கோ கண்ட தீர்ப்பு

அப்படி மூவாயிரம் பேரை ஆறு வருஷம் கவனித்த மூலிகைப் பரீட்சை ஒன்று உண்மையிலேயே நடந்திருக்கிறது. வல்லாரைக்கல்ல, சீனத்துத் தொன்மரமான கிங்கோவுக்கு. அதன் இலைச்சாற்றை ஜேர்மனியில் தரநிலைப்படுத்தி, ஞாபகத்துக்கென்று உலகெங்கும் விற்றுவந்தனர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐந்து இடங்களில் தொடங்கிய பரீட்சையில் 75 வயதும் அதற்கு மேலுமான 3,069 பேர் சேர்ந்தனர். 1,545 பேருக்கு நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் கிங்கோ, 1,524 பேருக்குப் போலிமருந்து. ஆறு மாதத்துக்கொரு முறை ஞாபகம் சோதிக்கப்பட்டது, நடுத்தரமாக 6.1 வருஷம் ஒவ்வொருவரும் கவனிக்கப்பட்டனர்.

2008-இல் மறைப்பை நீக்கிப் பார்த்தபோது, போலிமருந்து உண்டவருள் 246 பேர் நோய்ப்பட்டிருந்தனர். கிங்கோ ஐந்தில் ஒரு பங்கைத் தடுத்திருந்தால் மறுபக்கத்தில் சுமார் 200 பேரே இருந்திருக்க வேண்டும். இருந்தவர் 277 பேர். முப்பத்தொருவர் மிகுதியாயிருப்பதால் கிங்கோ நோயை விளைவித்தது என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது, அவ்வளவு வேறுபாடு தற்செயலாலும் நேரலாம். சொல்லக்கூடியது, தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை என்பது. பிரான்சில் எழுபது வயதைக் கடந்த, ஞாபகக் குறைவை முறையிட்ட 2,854 பேரை ஐந்து வருஷம் கவனித்து 2012-இல் வெளியான பரீட்சையில், கிங்கோப் பக்கம் 61 பேருக்கும் போலிமருந்துப் பக்கம் 73 பேருக்கும் அல்சைமர் கண்டது. இம்முறை எண்ணிக்கை மறுபக்கம் சாய்ந்தது, அதுவும் தற்செயலின் எல்லைக்குள்ளேயே. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, ஒரு சிறு பரீட்சையின் எண்ணைத் தலைப்புச் செய்தியாக்குவோர் மேல் ஒரு நிரந்தரச் சந்தேகம் உண்டாகும், உண்டாகட்டும்.

நீர்ப்பிரமியும் வல்லாரையும் எங்கே நிற்கின்றன?

நீர்ப்பிரமி பல படிகளைக் கடந்திருக்கிறது. 2001-இல் அவுஸ்திரேலியாவில் ஆரோக்கியமான 46 பேருக்குப் பன்னிரண்டு வாரம், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொடுத்துக் கற்றலும் ஞாபகமும் மேம்பட்டதாகக் கண்டனர். 2010-இல் அங்கேயே 55 வயதைக் கடந்த 98 பேரைச் சேர்த்து, 81 பேர் முடித்த பரீட்சையிலும் ஞாபகத்துக்கு நன்மை தெரிந்தது. ஆனால் அதே பரீட்சையில், நீர்ப்பிரமி உண்டவர்களுக்கு வயிற்றுப்போக்கும் வயிற்றுப்பிடிப்பும் குமட்டலும் மிகுந்தன. இது வயிற்றுக்கு மட்டுமுரிய செய்தி அன்று. வயிறு கலங்கியவர், தமக்கு உண்மை மருந்தே வந்திருக்கிறதென்று ஊகித்துக்கொள்வார். மறைப்பு அங்கே சற்றே விலகிவிடுகிறது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் நீர்ப்பிரமிக்கு ஏதோ ஒரு குணம் மிஞ்சும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்த இரு பரீட்சைகளிலும் சேர்ந்தவர்கள் நோயற்றவர்கள், காலம் மூன்று மாதம். ஆச்சியின் வினாவுக்கு அங்கே விடை இல்லை.

வல்லாரை இன்னும் பின்னே நிற்கிறது. தாய்லாந்தில் 2008-இல் வெளியான பரீட்சையில் ஆரோக்கியமான முதியோர் 28 பேர். இந்தோனேசியாவில் பக்கவாதத்துக்குப் பின் அறிவு தளர்ந்த 48 பேருக்கு ஆறு வாரம் கொடுத்த முயற்சி 2016-இல் வெளியாயிற்று. நம்பிக்கையூட்டும் சில குறிகள் இருந்தன. எனினும் அதுகாறும் வந்த பரீட்சைகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு மதிப்பீடு, அறிவாற்றல் வளர்கிறது என்பதற்கு வலுவான நிரூபணம் இல்லை என்றே முடித்தது. ஒரேகன் ஆய்வாளர்கள் எலியிலிருந்து மனிதருக்கு வந்து, 2022-இல் அறிவித்தது, ஞாபகம் தளரத் தொடங்கிய முதியோர் எட்டுப்பேருக்கு இரண்டு கிராமும் நான்கு கிராமும் கொடுத்து, வல்லாரையின் பொருள்கள் இரத்தத்தில் எவ்வளவு சேர்கின்றன என்று அளந்த செய்தி. எட்டுப்பேர் என்று கேட்டு நகைக்க வேண்டியதில்லை. உண்டது இரத்தத்தை அடைகிறதா என்பதை அறியாமல் மூவாயிரம் பேரைச் சேர்ப்பதுதான் நகைப்புக்குரியது.

மஞ்சளின் கதை இதற்குச் சாட்சி. அரியானாவில் பல்லப்கட் கிராமங்களில் 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4.7 பேருக்கே அல்சைமர் புதிதாகத் தோன்றுகிறதென்றும், அமெரிக்காவின் மொனொங்கஹேலாப் பள்ளத்தாக்கில் அது 17.5 என்றும் 2001-இல் கண்டபோது, எல்லாம் மஞ்சள் உண்டதன் பலன் என்ற பேச்சுப் பரவியது. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருளை நோயாளர் 36 பேருக்கு 24 வாரம் கொடுத்து 2012-இல் வெளியான பரீட்சையில் பலன் ஒன்றும் தெரியவில்லை. உண்டதில் மிகச் சிறிதே இரத்தத்தில் காணப்பட்டது.

நஞ்சிலிருந்து வந்த குளிசை

இங்கு ஒரு விசித்திரம். மறதிநோய்க்கென்று இன்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் குளிசைகளுள் இரண்டு தாவரத்தின் வழிவந்தவை. அவ்விரண்டு தாவரமும் ஞாபகத்துக்குப் பெயர்போனவை அல்ல. மேற்கு ஆபிரிக்காவின் கலபார் பிரதேசத்தில் சூனியக்காரர் என்று சந்தேகிக்கப்பட்டவருக்குக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி என்று தீர்க்கும் ஒரு நச்சு அவரை இருந்தது. எடின்பரோவின் ரொபர்ட் கிறிஸ்டிசன் 1855-இல் அதைத் தாமே உண்டு, மயிரிழையில் தப்பினார். அதிலிருந்து எடுத்த பைசோஸ்டிக்மினை மாதிரியாக வைத்து ஜெருசலேமில் மார்த்தா வைன்ஸ்டொக் ஆக்கியதே ரிவஸ்டிக்மின். மற்றது கலன்டமின், பனிநிலத்தில் பூக்கும் ஒரு வெள்ளைப் பூச்செடியின் கிழங்கிலிருந்து 1950-களில் சோவியத், பல்கேரிய ஆய்வாளர்கள் தசைத் தளர்ச்சிக்கென்று வளர்த்தெடுத்த மருந்து, 2001-இல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி பெற்றது.

இவற்றின் வேலையும் வரம்புடையது. நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் அசற்றைல்கோலின் என்னும் பொருள் நோயால் குறைந்துபோகிறது. அதைச் சிதைக்கும் நொதியை இக்குளிசைகள் தடுக்கின்றன. நீர்வரத்து நின்றுபோன குளத்தில் துருசை இறுக அடைத்துவைப்பது போன்ற காரியம். உள்ள நீர் சில காலம் கூடுதலாக நிற்கும், குளம் வற்றுவது நிற்காது.

மரபு வழிகாட்டவே இல்லையோ என்றால், அதுவும் சரியன்று. பைத்தியத்துக்கும் பாம்புக்கடிக்கும் வழங்கிய சர்ப்பகந்தா வேரைப் பம்பாய் வைத்தியர் ரஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் இரத்த அழுத்தத்துக்கு நல்லதென்று உலகுக்கு நிறுவினார். மரபு ஒரு செடியைச் சுட்டிக் காட்டிற்று. அது எந்த நோய்க்கு, எவ்வளவில் என்பதை அளந்தவர் சொன்னார்.

பரியாரியாரின் ஆட்சேபம்

சித்த மருத்துவம் பயின்ற பரியாரியார் இதைக் கேட்டால், 'ஒரே குளிசையை எல்லாருக்கும் கொடுப்பது எங்கள் சாஸ்திரமன்று. நாடி பார்த்து, தேகவாகுக்கு ஏற்பப் பல சரக்குகளைக் கூட்டி, பத்தியத்துடன் கொடுப்பதே வைத்தியம். அதை உடைத்து ஒரு துண்டைச் சோதித்துவிட்டுத் தோற்றது என்கிறீர்கள்' என்பார். இது நேர்மையான ஆட்சேபம். ஆனால் இதற்கும் சீட்டுக் குலுக்கல் இடங்கொடுக்கும். ஒரு பகுதியினரைப் பரியாரியாரிடமே ஒப்புவித்து, அவர் நாடியும் பத்தியமும் பார்த்து ஆளுக்கொரு விதமாக மருந்து கொடுக்கட்டும். மற்றப் பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு நடக்கட்டும். ஈற்றில் ஞாபகத்தை அளப்பவர் மட்டும் எவர் எப்பகுதி என்று அறியாதிருக்கட்டும். 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கைதடியில் சித்த மருத்துவம் கற்பித்துவருகிறது. அங்கு பயின்றோரை விட இதற்குத் தகுந்தவர் யார்?

ஒரு எச்சரிக்கை மட்டும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுள்வேத மருந்துகள் எழுபதில் பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததை 2004-இல் வெளியான ஆய்வொன்று கண்டது. சம்பலாக உண்ணும் வல்லாரை வேறு, உலோகப் பற்பம் சேர்ந்த மருந்து வேறு. எதை உண்டாலும், கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் குளிசை எடுக்கும் முதியவர் அதை அங்குள்ள வைத்தியரிடம் மறையாமற் சொல்வது அவசியம்.

நெடுங்கேணியில் எதைக் கேட்பது?

இனி நெடுங்கேணியிலேயே இப்பரீட்சையை நடத்துவதானால், மருந்துக்கு முன் அளவுகோல் வேண்டும். உலகெங்கும் வழங்கும் முப்பது புள்ளிப் பரிசோதனை 1975-இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. இன்றைக்கு என்ன திகதி என்று கேட்கும், ஒரு சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்லும், ஒரு வசனம் எழுதச் சொல்லும். பள்ளிக்கூடம் போகாத ஆச்சி ஆரோக்கியமாயிருந்த காலத்திலும் இதில் தோற்றிருப்பார். பல்லப்கட்டில் ஆய்வு செய்தவர்கள் எழுத்தறியாத கிராமத்து முதியோருக்கென்று இதை இந்தியில் புதிதாக அமைத்து, 1995-இல் வெளியிட்ட பின்னரே எண்ணத் தொடங்கினர்.

வன்னியில் திகதிக்குப் பதிலாக, இப்போது நடப்பது காலபோகமா சிறுபோகமா என்று கேட்கலாம். சொல்லைப் புரட்டுவதற்குப் பதிலாகக் கிழமைகளை ஞாயிற்றிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். ஆனால், எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்ற மிக எளிய கேள்வியே இங்கு மிகக் கடினமானது. பலமுறை இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, மீண்டும் வந்து, புதிய வீட்டுத்திட்டத்து வீட்டில் இருக்கும் ஒருவர் பழைய குடியிருப்பின் பெயரைச் சொன்னால், அது நோயா, பற்றா? பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவரின் வயதை எப்படி நிச்சயிப்பது? எந்தப் புயலுக்கு முன், எந்தக் குளம் உடைத்த வருஷத்துக்குப் பின் பிறந்தார் என்று உறவினரிடம் விசாரித்தே கணிக்க வேண்டும். இக்கேள்விகளை ஊரறிந்த ஒருவர் உட்கார்ந்து அமைத்து, முதலில் அறளை பெயராத முதியோரிடம் கேட்டுப் பார்த்து, அவர்களே தடுமாறும் கேள்விகளைக் களைந்தெறிய வேண்டும். வல்லாரைக் குளிசை ஆக்குவது அதற்கடுத்த வேலை.